மாநகராட்சிக் கொள்முதல்: குறைந்த விலை மட்டும் போதுமா?

உள்ளாட்சி மன்றங்களைப் பற்றிப் பேசுவோர் வரி விதிப்பு, தேர்தல், சாலை, சாக்கடை ஆகியவை குறித்தே பெரிதும் பேசுகின்றனர். ஒரு மாநகராட்சி நாள்தோறும் என்னென்ன வாங்குகிறது, வாங்கிய பொருள் வேண்டிய இடத்திற்கு வேண்டிய வேளையில் போய்ச் சேருகிறதா என்பன பற்றி எவரும் அதிகம் கேட்பதில்லை. குடிநீரைத் தெளியவைக்கும் படிகாரம், கிருமிகளை நீக்கும் குளோரின், தெருவிளக்குகளின் பல்புகள், துப்புரவுத் தொழிலாளரின் கையுறைகள், பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேடுகள், மருத்துவமனைக்கு வேண்டிய ஊசிமருந்துகள், தீயணைப்பு வண்டியின் டயர்கள் என்று இப்பட்டியல் நீளும். இவற்றுள் ஒன்று வரத் தவறினாலும், அக்குறை அலுவலகக் கோப்பில் தென்படுவதற்கு முன்பே குடிமக்களின் வீட்டு வாசலில் தென்பட்டுவிடும்.

இந்தியாவில் மத்திய, மாநில அரசுகளும், பொதுத்துறை நிறுவனங்களும், உள்ளாட்சி மன்றங்களும் வாங்கும் பொருள்கள், பணிகள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பு நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. இவ்வளவு பெரிய செலவை நெறிப்படுத்த நாடு முழுவதற்கும் பொருந்தும் தனிச்சட்டம் இல்லை. 2012ஆம் ஆண்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று. தமிழ்நாடு 1998லும் கர்நாடகம் 1999லும் இத்துறையில் வெளிப்படைத்தன்மையைக் காக்கத் தமக்கெனச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொது நிதி விதிகளும் நிதி அமைச்சகத்தின் கொள்முதல் கையேடும் வழிகாட்டுகின்றன. சரியான தரம், சரியான அளவு, சரியான விலை, சரியான காலமும் இடமும், சரியான வழங்குநர் என ஐந்து பொருத்தங்களை அக்கையேடு வற்புறுத்துகிறது. பத்துப் பொருத்தம் பார்த்துத் திருமணம் முடிக்கும் நாட்டில் ஐந்து பொருத்தம் அதிகமன்று. ஆயினும், நடைமுறையில் எழுத்தில் வடித்துக் கணக்கிட்டு ஒப்பிடப்படுவது விலை ஒன்றே. மற்ற நான்கும் நம்பிக்கையின் பொறுப்பில் விடப்படுகின்றன. இதன் விளைவுகளை ஆராய்வதற்கு மகாராஷ்டிரத்தின் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

தொழில் நகரின் இரு முகங்கள்

புணே நகருக்கு வடமேற்கே பவனா ஆற்றங்கரையில் அமைந்த சிஞ்ச்வட், கணபதி அடியாரான மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் பெயர்பெற்ற சிற்றூராக நெடுங்காலம் இருந்துவந்தது. அடுத்துள்ள பிம்ப்ரியில் 1954ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் பெனிசிலின் தயாரித்த முதல் அரசுத் தொழிற்சாலை அதுவே. 1960களில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் இப்பகுதியில் நிலம் பிரித்து வழங்கத் தொடங்கியதும் பஜாஜ் ஆட்டோவும், பின்னர் டாடா மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிய டெல்கோவும், அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின. பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகிய நான்கு ஊர்களை இணைத்து 1970ல் நகராட்சி அமைந்தது; 1982ல் அது மாநகராட்சியாயிற்று; 1997ல் சுற்றுப்புறச் சிற்றூர்கள் பலவும் சேர்க்கப்பட்டன. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2011ல் 17 லட்சத்தைத் தாண்டியது.

இந்த மாநகராட்சி செல்வ வளம் மிக்கது எனப் பெயர் பெற்றதற்கும் தொழிற்சாலைகளே காரணம். ஆக்ட்ராய் எனப்படும் நுழைவுத் தீர்வை 2013 மார்ச்சு வரையில் இங்கு வசூலிக்கப்பட்டது. நகர எல்லைக்குள் நுழையும் ஒவ்வொரு லாரியும் சோதனைச் சாவடியில் நின்று, ஏற்றிவந்த உருக்கு, ரப்பர், சாயம், துணி ஆகியவற்றுக்குத் தீர்வை செலுத்திய பிறகே உள்ளே செல்லும். பிறருடைய சரக்கு எப்போது, எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்த அலுவலகம் வேறு இருந்திருக்க முடியாது. தன்னுடைய சரக்கைப் பற்றியும் அதே நுட்பத்தோடு அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்திய நகராட்சிகள் எதிலும் எளிதில் வேரூன்றவில்லை என்பதுதான் வியப்பு.

மோட்டார் வாகனத் தொழிலில் உதிரிப் பாகங்களை மாதக்கணக்கில் சேர்த்துவைப்பது வீண்செலவாகக் கருதப்படுகிறது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வகுத்த முறைப்படி, பாகம் தீரும் வேளையில் ஓர் அட்டை முந்தைய நிலையத்திற்குச் செல்ல, அங்கிருந்து வேண்டிய அளவு மட்டும் வந்து சேரும். இந்திய வாகன ஆலைகளும் இம்முறையைத் தமக்கேற்ற அளவில் மேற்கொண்டன. ஒரு போல்ட் வராவிட்டாலும் ஆலை நிற்கும் என்பதால், அதன் விலையைப் போலவே அது வந்துசேரும் நேரமும் அங்குக் கணக்கில் வைக்கப்படுகிறது. சாலையின் மறுபுறத்தில் இயங்கும் உள்ளாட்சி அலுவலகத்திலோ ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தப்புள்ளி கோரி, ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கும் வழக்கமே பொதுவானது.

ஆலையின் முறையை அப்படியே மாநகராட்சிக்குப் பெயர்த்து நடுவது இயலாது என்பதையும் கூறியாக வேண்டும். தனியார் ஆலை தனக்குப் பிடித்த வழங்குநரை இருபது ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்பவர் இலர். மாநகராட்சி செலவிடுவது மக்கள் பணம். தகுதியுடைய ஒவ்வொருவருக்கும் சமவாய்ப்பு அளிக்க அது கடமைப்பட்டுள்ளது. பம்பாய் மாகாண மாநகராட்சிகள் சட்டம் என்ற பெயரில் 1949ல் இயற்றப்பட்டு, பின்னர் மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்ட சட்டம், ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை ஆணையாளரிடம் தந்து, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டவற்றுக்கு நிலைக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறது. பத்திரிகை விளம்பரத்தின் வாயிலாக ஒப்பந்தப்புள்ளி கோரவும் வகைசெய்கிறது. இந்தத் தடைகள் காரணமின்றி எழுந்தவையல்ல. அவற்றை நீக்குவது தீர்வாகாது. அவற்றுக்குள் நின்றுகொண்டே காலத்தை எவ்வாறு கணக்கில் கொள்வது என்பதே கேள்வி.

ஒரு தேவைப்பட்டியலின் பயணம்

நீர்த் தூய்மை நிலையத்தில் படிகாரம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நிலையப் பொறியாளர் தேவைப்பட்டியல் எழுதுகிறார். அது பண்டகசாலைக்குச் சென்று, இருப்பு சரிபார்க்கப்பட்டு, நிதி ஒதுக்கீடு உண்டா என்று கணக்குப் பிரிவில் பார்க்கப்பட்டு, நிர்வாக ஒப்புதல் பெற்று, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பாக வெளிவருகிறது. வந்த புள்ளிகள் தொழில்நுட்பத் தகுதி நோக்கில் முதலிலும் விலை நோக்கில் பின்னரும் திறக்கப்படுகின்றன. ஒப்பீட்டுப் பட்டியல் தயாராகி, நிலைக்குழுவின் அடுத்த கூட்டத்திற்குக் காத்திருந்து, ஒப்புதலான பின் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வழங்கல் ஆணை பிறக்கிறது. சரக்கு வந்தபின் மாதிரி எடுத்துச் சோதனை. அதன்பின் பட்டியல், தணிக்கை, பணம். ஒவ்வொரு படியும் தேவையானதே. எந்தப் படியிலும் எவரும் தவறிழைத்ததாகக் கூற முடியாது. எனினும், எல்லாப் படிகளையும் கூட்டினால் எத்தனை நாள் ஆகிறது என்பதை அறிந்தவர் அலுவலகத்தில் ஒருவரும் இருப்பதில்லை. ஏனெனில், கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தங்கிய நாள்கள் அந்தந்த மேசையின் கணக்கில் மட்டுமே உள்ளன.

இக்கணக்கு தெரியாவிட்டால் நேரும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாளொன்றுக்கு 400 கிலோ படிகாரம் செலவாகும் நிலையத்தில், தேவைப்பட்டியல் எழுதிய நாள் முதல் சரக்கு வந்துசேர 120 நாள் ஆகிறது எனக் கொள்வோம். அந்த 120 நாளுக்கு 48,000 கிலோ வேண்டும். எதிர்பாராத தாமதத்திற்கென 30 நாள் காப்பிருப்பாக 12,000 கிலோவைச் சேர்த்தால், கையிருப்பு 60,000 கிலோவாகக் குறையும் நாளிலேயே அடுத்த தேவைப்பட்டியல் எழுதப்பட்டாக வேண்டும். பண்டகக் காப்பாளர் இதை அறியாமல், கிடங்கில் 20,000 கிலோ இருக்கும்போது எழுதுகிறார் என்றால், 50ஆம் நாளில் கிடங்கு காலியாகிவிடும். எஞ்சிய 70 நாளும் அவசரக் கொள்முதல்தான். அவசரத்தில் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்க நேரும். ஆண்டு ஒப்பந்தத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்ததற்காகப் பாராட்டப்பட்ட அலுவலகமே, அவசரக் கொள்முதலில் அதைப் பன்மடங்காக இழக்கும். ஆனால், இரண்டும் வெவ்வேறு கோப்புகளாதலால் இழப்பு எவர் கண்ணிலும் படாது. அலுவல் நடைமுறையைச் செப்பனிட்டு அந்த 120 நாளை 45 நாளாகக் குறைத்தால், காப்பிருப்பு உட்பட 30,000 கிலோவே போதும். கிடங்கின் பாதி இடமும் முடங்கிய பணத்தின் பாதியும் விடுதலையாகும்.

அளவு சரியாக இருந்தாலும் காலம் தவறினால் தரமே மாறிவிடும் பொருள்களும் உண்டு. பிளீச்சிங் பவுடர் அத்தகையது. புதிதாகச் செய்த தூளில் பயன்படத்தக்க குளோரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் மூட்டைக்குள்ளேயே அது சிறிது சிறிதாக வீரியம் இழக்கும். கிலோ 30 ரூபாய் வீதம் ஆண்டுத் தேவை முழுவதும் ஒரே தவணையில் வாங்கப்பட்டு, 34 விழுக்காட்டில் தொடங்கிய வீரியம் ஆண்டு முடிவில் 18 விழுக்காட்டில் நிற்கிறது என்று கணக்குக்காகக் கொண்டால், சராசரி 26 விழுக்காடு. அப்போது ஒரு கிலோ குளோரினுக்கு நகரம் உண்மையில் கொடுத்த விலை 115 ரூபாய். அதே தூளை 33 ரூபாய் விலையில், மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதிதாக வந்திறங்கும்படி ஒப்பந்தம் செய்து, சராசரி வீரியம் 32 விழுக்காடாக இருக்குமானால், அவ்விலை 103 ரூபாயே ஆகும். ஒப்பீட்டுப் பட்டியலில் முதலாவதே மலிவு. குழாயின் வாயில் இரண்டாவதே மலிவு. இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. வீரியம் குறைந்த தூளை வழக்கமான அளவில் கிணற்றிலோ தொட்டியிலோ இடும் தொழிலாளி, தம் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணுவார். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்குப் பரவும்போது அதற்கும் மார்ச்சு மாதக் கொள்முதலுக்கும் உள்ள உறவை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

மார்ச்சு மாதம் என்பது தற்செயலன்று. நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவிடாவிட்டால் அது காலாவதியாகும் என்ற அச்சம், தேவையைப் பொறுத்து வாங்காமல் நாட்காட்டியைப் பொறுத்து வாங்கும் பழக்கத்தை வளர்த்துவிட்டது.

மருந்து அலமாரியும் தமிழ்நாட்டு அனுபவமும்

பிம்ப்ரியின் சந்த் துக்காராம் நகரில் 1989 முதல் இயங்கிவரும் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை, மாநகராட்சியே நடத்தும் 750 படுக்கைகள் கொண்ட பெரிய மருத்துவமனையாகும். மாநகர மக்கள் மட்டுமன்றி, மாவட்டத்தின் கிராமப் பகுதிகளிலிருந்தும் ஏழை நோயாளிகள் இங்கு வருகின்றனர். இத்தகைய மருத்துவமனையில் கொள்முதலின் தோல்வி ஒரு துண்டுச் சீட்டாக வெளிப்படும். மருத்துவர் எழுதிய மருந்து உள்ளே இல்லையென்றால், நோயாளியின் உறவினர் அச்சீட்டோடு வெளிக்கடைக்கு ஓட வேண்டும். மாநகராட்சியின் ஏட்டில் அது செலவாகப் பதிவாவதில்லை. நோயாளியின் குடும்பத்திற்கோ அது ஒருவாரக் கூலி. எந்தப் பொது மருத்துவமனையிலும் கொள்முதலின் திறத்தை அளக்க விரும்புவோர், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் வெளிக்கடைச் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பது நன்று.

மருந்துத் தொழிற்சாலை அருகில் இருப்பதும் மருந்து அலமாரியில் இருப்பதும் ஒன்றல்ல. பெனிசிலினுக்குப் புகழ்பெற்ற பிம்ப்ரி நிறுவனமே 1990களில் நலிவுற்றது. மருந்தை நோயாளியிடம் சேர்ப்பது உற்பத்தி மட்டுமன்று. கணிப்பு, ஒப்பந்தம், கிடங்கு, சோதனை, பணப்பட்டுவாடா ஆகியவை கண்ணி கண்ணியாகக் கோத்த தொடர். இத்தொடரை முழுமையாக அமைத்துக் காட்டிய பெருமை தமிழ்நாட்டுக்கு உரியது. 1994ல் நிறுவப்பட்டு 1995 தொடக்கத்தில் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை அவற்றின் மூலப்பெயரில் மட்டுமே வாங்குவது, உற்பத்தியாளர்களிடம் நேராக வாங்குவது, மாவட்டந்தோறும் கிடங்கு வைப்பது எனத் தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகை குறிக்கப்பட்ட கணக்குப் புத்தகம் ஒன்று தரப்பட்டது. வங்கிப் புத்தகத்தைப் போல, எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். தனக்குத் தேவையானதைத் தேவையான அளவு எடுக்க மருத்துவமனைக்கு உரிமை உண்டு. தேவையற்றதைத் தலையில் கட்ட எவராலும் இயலாது. கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் மறைத்துக் குறியெண் இட்டு, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்படுகிறது. தேறிய பின்னரே மருந்து வெளியே செல்லும். கிடங்குகளின் இருப்பு கணிப்பொறி வாயிலாகத் தலைமையகத்தில் தெரிவதால், ஓரிடத்தில் மிகுவதை மற்றோரிடத்துக்கு மாற்றவும் முடிகிறது.

இக்கழகத்தின் வெற்றியைக் கண்டு பல மாநிலங்கள் பின்பற்ற முனைந்தன. கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. மகாராஷ்டிரம் 2017ல் அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதலை ஹாஃப்கின் உயிர்மருந்துக் கழகத்திடம் ஒப்படைத்தது. தடுப்பூசித் தயாரிப்பில் நெடிய மரபுடைய நிறுவனம் அது. எனினும் கொள்முதலில் தாமதம் பற்றிய குறைகள் தொடர்ந்து எழுந்தன. 2023ல் மகாராஷ்டிர அரசு மருத்துவப் பொருள் கொள்முதலுக்கெனத் தனி ஆணையத்தைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நாந்தேட் அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் பச்சிளங் குழந்தைகள் உட்பட 24 பேர் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. மருந்துத் தட்டுப்பாடு அதில் எவ்வளவு பங்கு வகித்தது என்பது பற்றி மாறுபட்ட கூற்றுகள் வெளிவந்தன. பம்பாய் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் முறையிலிருந்து பிறர் எளிதில் எடுத்துச்செல்வது மையக் கொள்முதல் என்னும் பெயரை மட்டுமே. கிடங்கு, கணக்குப் புத்தகம், மாதிரிச் சோதனை, தவறாத பணப்பட்டுவாடா ஆகியவை இன்றி ஒப்பந்தப்புள்ளியை மட்டும் ஓரிடத்தில் குவித்தால், முன்பு பல இடங்களில் சிதறியிருந்த தாமதமும் ஓரிடத்தில் குவியும். பிம்ப்ரி-சிஞ்ச்வட் போன்ற மாநகராட்சி, தானே வாங்குவதா, மாநில ஆணையத்தோடு சேர்வதா என்று முடிவு செய்வதற்கு முன், தன் மருத்துவமனைக்கும் சிறு மருந்தகங்களுக்கும் இடையே அத்தகைய கணக்குப் புத்தக முறையை நிறுவிக்கொள்வது இரண்டு வழிக்கும் உதவும்.

மண்ணுக்கு மேல் கிடந்த குழாய்கள்

காலமும் இடமும் பொருந்தாத கொள்முதலுக்கு இப்பகுதியே ஒரு துயரமான சான்றையும் தருகிறது. பவனா அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீர் ஆற்றின் வழியே ஓடிவந்து ராவேத்தில் இறைக்கப்பட்டு, நிக்டித் தூய்மை நிலையத்தை அடைகிறது. வழியில் நேரும் இழப்பையும் மாசையும் தவிர்க்க, அணையிலிருந்து நிக்டி வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்திற்கு மூடிய குழாய்வழி அமைக்கும் திட்டம், ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்பு இயக்கத்தின் உதவியோடு 2008ல் தொடங்கப்பட்டது. மாவள் வட்டத்து விவசாயிகள் இதை எதிர்த்தனர். அணைக்கு நிலம் தந்தவர்களின் மறுவாழ்வு முடியவில்லை, ஆற்றில் நீரோட்டம் நின்றால் தம் பாசனம் கெடும் என்பவை அவர்களின் அச்சங்கள். 2011 ஆகஸ்டு 9ஆம் நாள் மும்பை-புணே விரைவுச் சாலையில் நடந்த மறியலின்போது போலீஸார் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். பணி நின்றது. அரசின் தடை 2023ல்தான் விலக்கப்பட்டது.

இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் வாங்கிய குழாய்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. ஒப்பந்தப்புள்ளி முறையாகக் கோரப்பட்டதா, விலை நியாயமானதா என்று மட்டும் கேட்கும் தணிக்கை, இத்தோல்வியின் வேரைத் தொடாது. நிலமும் மக்களின் இசைவும் கையில் வருமுன் குழாய் வந்துவிட்டது என்பதே இதன் வேர். இதனால் நகரின் குடிநீர்த் தேவை காத்திருக்கவில்லை. 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இத்தட்டுப்பாட்டுக்கு மக்கள்தொகைப் பெருக்கம் உள்ளிட்ட பிற காரணங்களும் உண்டு. ஆயினும், பெரும் பணிகளுக்கான ஒப்பந்தங்களில் நிலம், இசைவு, பொருள் ஆகியவை எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைக் கொள்முதல் துறையும் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் வேண்டியதில்லை.

போட்டி என்னும் தோற்றம்

ஐந்து பொருத்தங்களில் விலையாவது உறுதிப்பட்டுவிட்டதா என்றால், அதுவும் ஐயத்துக்குரியதே. அண்டை மாநகராட்சியான புணே, 2014 டிசம்பருக்கும் 2015 மார்ச்சுக்கும் இடையே குப்பைகளைப் பதப்படுத்தும் நிலையங்களுக்காகக் கோரிய ஒப்பந்தப்புள்ளிகளைப் பற்றிக் குடிமக்கள் அமைப்பொன்று முறையிட்டது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2018 மே மாதத்தில், வழங்குநர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை குறித்தனர் என்று கண்டு அபராதம் விதித்தது. போட்டி உள்ளதுபோல் தோன்றுவதற்காகச் சிலர் பெயரளவில் புள்ளி கொடுத்திருந்தனர். விதிப்படி போதுமான புள்ளிகள் வந்தன. விதிப்படி மிகக் குறைந்தது ஏற்கப்பட்டது. ஆனால் அங்கே சந்தை இல்லை. மின்னணு ஒப்பந்தப்புள்ளி முறை விளம்பரத்தையும் மறைவடக்கத்தையும் மேம்படுத்தியது உண்மையே. 2016ல் தொடங்கிய அரசு மின்னணுச் சந்தையும் சிறு பொருள்களை வாங்குவதை எளிதாக்கியது. எனினும், ஒரே கை பல பெயர்களில் எழுதுவதைக் கணிப்பொறி தானாக அறியாது. புள்ளிகளின் விலை வேறுபாடு, முகவரி, வைப்புத்தொகை செலுத்திய வங்கி ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் அடுக்கிப் பார்க்கும் பழக்கம் அலுவலகத்தில் வேண்டும்.

வழங்குநர் குறைந்து போவதற்கு அலுவலகமும் காரணமாகலாம். போசரியிலும் சிஞ்ச்வட்டிலும் உள்ள சிறு பட்டறை உரிமையாளர் பெரிய ஆலைக்குப் பாகம் செய்து தர முந்துகிறார். உள்ளாட்சி மன்றத்துக்கு வழங்கத் தயங்குகிறார். பணம் எப்போது வரும் என்று தெரியாது என்பதே இத்தகையோர் பொதுவாகக் கூறும் காரணம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம், சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால், அடுத்த ஆண்டும் ஆணை வேண்டும் என்பவர் இந்த வட்டியைக் கேட்கத் துணிவதில்லை. அதற்குப் பதிலாக, தாமதத்தின் விலையைப் புள்ளியிலேயே ஏற்றிவைக்கிறார், அல்லது ஒதுங்கிக்கொள்கிறார். தாமதத்தைத் தாங்கவல்ல சிலரே களத்தில் எஞ்சுகின்றனர். அந்தச் சிலர் ஒருவரையொருவர் நன்கு அறிவர்.

எதை எண்ணுவது?

இந்நிலையை மாற்றப் பெரிய கணிப்பொறி அமைப்புகள் தேவையில்லை. ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஐந்து தேதிகளை ஒரே ஏட்டில், ஒரே வரியில் எழுதினால் போதும்: தேவைப்பட்டியல் எழுதிய நாள், ஒப்பந்தப்புள்ளி அறிவித்த நாள், ஆணை பிறந்த நாள், சரக்கு வந்து தரம் தேறிய நாள், பணம் கொடுத்த நாள். முதல் இரண்டுக்கும் இடையே நாள்கள் மிகுந்தால் குறை அலுவலகத்தினுடையது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே என்றால் ஒப்புதல் முறையினுடையது. ஆணைக்கும் வரவுக்கும் இடையே என்றால் வழங்குநருடையது. கடைசி இடைவெளி கணக்குப் பிரிவினுடையது. இன்னாரால் தாமதம் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை, ஏடே கூறிவிடும். இத்துடன், வந்த தகுதியான புள்ளிகளின் எண்ணிக்கை, சோதனையில் தள்ளுபடியான அளவு, பொருள் இருப்பின்றிக் கழிந்த நாள்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு கவனம் செலுத்துவது வீண். பண்டகசாலைகளில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குப் பொருள்களே செலவில் பெரும்பகுதியை விழுங்குகின்றன. அவற்றுக்கு விலையில் விழிப்பு வேண்டும். மருத்துவமனைக் கிடங்குகளில் வேறொரு பாகுபாடும் உண்டு: உயிர் காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லவை. பாம்புக்கடி மருந்து செலவுப் பட்டியலில் கடைசியில் நிற்கலாம். இருப்புப் பட்டியலில் அது முதலில் நிற்க வேண்டும். 2020ல் கோவிட் தொற்றின்போது சிஞ்ச்வட்டின் ஆட்டோ கிளஸ்டர் வளாகமே மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அத்தகைய நெருக்கடியில் வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறை தளர்த்தப்படுவது இயல்பு. ஆனால், அவசரப் பொருள்களுக்கு நிலையான விலை ஒப்பந்தங்களை அமைதிக் காலத்திலேயே செய்துவைத்திருக்கும் நகரம், நெருக்கடியில் அவ்விதிவிலக்கைக் குறைவாகவே நாட வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் செய்ய வேண்டியவர் பண்டகக் காப்பாளர். உள்ளாட்சி அலுவலகங்களில் அப்பதவி ஒதுக்கிவைக்கப்பட்டோருக்கு உரியதாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. தொழிற்சாலையிலோ அதே பணிக்குப் பயிற்சி பெற்ற மேலாளர் அமர்த்தப்படுகிறார். 1926ல் மும்பையில் தோன்றிய அகில இந்திய உள்ளாட்சி நிறுவனமும், புணேயில் உள்ள யஷ்வந்த்ராவ் சவாண் வளர்ச்சி நிர்வாகப் பயிலகமும் உள்ளாட்சி ஊழியருக்குப் பயிற்சி அளித்துவருகின்றன. ஒப்பந்தப்புள்ளி விதிகளோடு இருப்புக் கணிப்பும் கிடங்கு மேலாண்மையும் அப்பயிற்சிகளில் உரிய இடம் பெறலாம். வாகன ஆலைகளில் பண்டகசாலை நடத்தி ஓய்வு பெற்றோர் அந்நகரிலேயே வாழ்கின்றனர். அவர்களின் உதவியைச் சில மாதங்களுக்குப் பெறுவது கடினமன்று. முதல் ஆண்டில் நீர்த் தூய்மை வேதிப்பொருள்கள், உயிர் காக்கும் மருந்துகள், தெருவிளக்குச் சாதனங்கள் ஆகிய மூன்று இனங்களுக்கு மட்டும் ஐந்து தேதி ஏட்டைத் தொடங்கி, காலாண்டுக்கு ஒருமுறை விலை ஒப்பீட்டுப் பட்டியலோடு சேர்த்து அதை நிலைக்குழுவின் முன் வைக்கலாம். அதற்குத் தேவையானது ஓர் அச்சிட்ட பதிவேடும், அதில் தேதியை அன்றன்றே எழுதும் ஒருவரும்தான்.